புள்ளைய ஸ்கூல்ல கொடுமை பண்றாங்க, சொன்னாலும் நிர்வாகம் கண்டுக்கல, என்ன பண்றது?

கேள்வி சுருக்கமா இதுதான். பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல 7வது படிக்கிறான், ஸ்கூல் வேன்ல போறான். அதே வேன்ல வர்ற மூணு பசங்க நாலஞ்சு மாசமா, பல்லுல கறை இருக்கறதால அவனை "காவிப்பல்லு"ன்னு கூப்பிடறது, டிபன் பாக்ஸ புடுங்கறது, இறங்கறப்ப கால வெச்சு தட்டி விடறது. கிளாஸ் மிஸ்கிட்ட ரெண்டு தடவ, பிரின்சிபால்கிட்ட ஒரு தடவ சொல்லியாச்சு, "பசங்கன்னா அப்படித்தான் இருப்பாங்க, நாங்க பாத்துக்கறோம்"னு அனுப்பிட்டாங்க. வீட்டுக்காரருக்கு ஓசூர்ல கம்பெனில ஷிப்ட் வேலை, நினைச்சா வர முடியாது. இப்ப திங்கக்கிழமை காலைல ஆனா பையனுக்கு வயித்து வலி வந்துடுது. போலீசுக்குப் போலாமா, இல்ல பேசாம டி.சி. வாங்கிடலாமான்னு கேக்கறாங்க.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன்மா. தர்மபுரி மாவட்டத்துல அரசுப் பள்ளிகள்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ஹெச்.எம்.மா ரிட்டயர் ஆனவன். அதாவது இந்த மாதிரி கம்ப்ளைன்ட் குடுக்கற பக்கம் இல்ல, வாங்கற பக்கம் உக்காந்திருந்தவன். ஹெச்.எம். ரூமுக்குள்ள காலைல இருந்து என்னென்ன வரும்னா சத்துணவு கணக்கு, இ.எம்.ஐ.எஸ். (கல்வித்துறையோட ஆன்லைன் மாணவர் பதிவேடு) என்ட்ரி, சொல்லாம லீவு போட்ட வாத்தியாரு, தண்ணி ஏறாத டேங்க், இதுக்கு நடுவுல ஒரு அம்மா வந்து வாசப்படில நின்னு "எம்புள்ளைய கிண்டல் பண்றாங்க சார்"னு சொன்னா அது சாயங்காலம் வரைக்கும் கூட ஞாபகத்துல நிக்காது. நியாயம்னு சொல்லல, நடக்கறத சொல்றேன். வாயால சொன்ன புகாருக்கு தேதி கிடையாது, நம்பர் கிடையாது, நாளைக்கு மேல இருந்து யாராச்சும் கேட்டா "அப்படி யாரும் எங்ககிட்ட வரலயே சார்"னு சொல்லிட்டுப் போயிடலாம். அதையே எழுதிக் குடுத்து காப்பில சீலும் கையெழுத்தும் வாங்கிட்டீங்கன்னா அது ஃபைல். அதுக்கு பதில் சொல்ல வேண்டியது அந்த ஹெச்.எம்.மோட தலைவலி ஆயிடும், தனியார்னா பிரின்சிபாலுக்கும் கரஸ்பாண்டன்டுக்கும்.

என் சர்வீஸ்லயே ஒண்ணு இருக்கு, இன்னும் உறுத்துது. அரூர் பக்கம் ஒரு ஸ்கூல், 8வது படிச்ச ஒரு பொண்ணு, பல்லு முழுக்க பழுப்புக் கறை. நம்ம ஊர்ல அது எத்தனை பேருக்கு இருக்குன்னு உங்களுக்கே தெரியும். அந்தப் பொண்ணு பேசறப்ப உள்ளங்கையால வாய மூடிக்கிட்டே தான் பேசும், வருகைப்பதிவுல பேர் கூப்பிட்டா கூட கைய எடுக்காது. அதோட அம்மா களையெடுக்கற வேலைய விட்டுட்டு சேறு காயாத காலோட ரெண்டு தடவ வந்தாங்க. நான் சொன்ன பதில் "விடும்மா, போகப் போக பழகிடும்". அடுத்த வருஷம் 9வதுக்கு அந்தப் பொண்ணு வரல. அதுக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆயிடுச்சுன்னு மத்த புள்ளைங்க வந்து சொல்லுச்சுங்க. ஸ்கூல்ல நிம்மதி இல்லாத பொம்பளப் புள்ளைய நிறுத்தி கட்டிக் குடுத்துடறது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் இன்னும் நிக்கல. அந்தம்மா ரெண்டு தடவ வந்ததுக்கு அந்த ஸ்கூல்ல ஒரு துண்டுச் சீட்டு கூட கிடையாது. அவங்க எழுதிக் குடுத்திருந்தா நான் ஏதாச்சும் செஞ்சே ஆகவேண்டி இருந்திருக்கும், நான் நல்லவனா இருந்தாலும் இல்லாட்டியும்.

அதனால தான் சொல்றேன், எழுத்துல குடுங்க. இன்னொன்னு, அந்தப் பசங்களுக்கு தண்டனை குடுன்னு கேக்காதீங்க, உங்க பையனுக்கு என்ன ஏற்பாடுன்னு கேளுங்க. இந்த ரெண்டாவது விஷயத்துல தான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. "அந்த மூணு பேருக்கும் டி.சி. குடுத்து அனுப்புங்க"ன்னு கேட்டா ஸ்கூல் உடனே அந்த மூணு பேரோட அப்பாம்மாவுக்கு பயப்பட ஆரம்பிச்சுடும், நீங்க ஒரு கட்சி அவங்க ஒரு கட்சின்னு ஆயிடும். அதோட சட்டப்படியும் முடியாது, கல்வி உரிமைச் சட்டம் 2009, 16வது பிரிவு, 8வது முடியற வரைக்கும் எந்தப் புள்ளையையும் வெளிய அனுப்பக் கூடாது. அதே பிரிவு தான் உங்க பையனையும் காப்பாத்துது, "ரொம்ப பேசினா உங்க பையன் டி.சி.ய வாங்கிட்டுப் போங்க"ன்னு அவங்க மிரட்டினா அதையும் அவங்களால செய்ய முடியாது. 9வதுக்கு மேல இந்த பிரிவு இல்ல, உங்களுக்கு இப்போதைக்கு இருக்கு.

ஏற்பாடுன்னா என்னன்னு கேக்கலாம். உங்க பையன் விஷயத்துல சம்பவம் எங்க நடக்குது? கிளாஸ்ல இல்ல, வேன்ல. அப்ப கேக்க வேண்டியது வேன் சீட்டு. டிரைவருக்கு பின்னாடி மொத சீட்டு இவனுக்கு, அந்த மூணு பேரும் ஒண்ணா உக்காராம வேற வேற வரிசைல, வேன்ல அட்டெண்டர் ஆள் இருக்கணும். 2012ல தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ்ல இருந்த ஓட்டை வழியா ஒரு சின்ன பொண்ணு விழுந்து செத்ததுக்கு அப்பறம் தமிழ்நாட்டுல பள்ளி வாகனத்துக்குன்னு தனி விதிகள் கொண்டு வந்தாங்க, அதுப்படி ஸ்கூல் வண்டில உதவியாளர் இருந்தே ஆகணும். உங்க வேன்ல இருக்காரான்னு பாருங்க. நிறைய இடத்துல ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மட்டும் இருப்பாங்க. அட்டெண்டர் இல்லன்னா உங்க லெட்டர்ல அந்த ஒரு வரிய சேத்துடுங்க, அந்த வரிய பாத்ததும் நிர்வாகம் நிமிந்து உக்காரும், ஏன்னா அது கல்வித்துறையோட நிக்காது, போக்குவரத்துக்கும் போகும்.

இப்ப லெட்டர். பெரிய இங்கிலீஷ் எல்லாம் வேண்டாம், தமிழ்ல ஒரு பக்கம் போதும். நான் எழுதிக் குடுக்கறது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பொருள்: 7ஆம் வகுப்பு பயிலும் என் மகன் பள்ளி வாகனத்தில் சக மாணவர்களால் தொடர்ந்து துன்புறுத்தப்படுவது, பாதுகாப்பு ஏற்பாடு கோருதல். ஐயா, கீழ்க்கண்ட நாட்களில் நடந்தவை. முதலாவது, இந்தத் தேதி மாலை வேனில் இருந்து இறங்கும்போது காலைத் தட்டி விட்டதில் வலது முழங்காலில் காயம். இரண்டாவது, இந்தத் தேதி காலை டிபன் பாக்ஸைப் பறித்து வெளியே வீசினார்கள். இது குறித்து வகுப்பாசிரியரிடம் இரண்டு முறையும் தங்களிடம் ஒரு முறையும் நேரில் கூறியும் இதுவரை மாற்றம் இல்லை. நான் கோருவது: வாகனத்தில் தனி இருக்கை, உதவியாளர் கண்காணிப்பு, என் மகன் நேரடியாகச் சென்று சொல்ல ஒரு ஆசிரியரின் பெயர், வாகனத்திலும் வளாகத்திலும் உள்ள சிசிடிவி பதிவுகளை அழிக்காமல் பாதுகாத்து வைத்தல். எடுத்த நடவடிக்கையை 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

அவ்ளோதான். அந்தப் பசங்க பேர மட்டும் லெட்டர்ல எழுதுங்க, அவங்க அப்பா யாரு, எந்த ஆளுங்க, எந்தத் தெரு, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். சிசிடிவி வரி ஏன்னா கேமரா பதிவாகற டி.வி.ஆர். பெட்டில கொஞ்ச நாள்ல பழசு மேல புதுசு பதிவாயிடும், அப்பறம் கேட்டா "ஃபுட்டேஜ் இல்லீங்க"ன்னு முடிச்சுடுவாங்க, உண்மையாவே இருக்காது. லெட்டர் ரெண்டு காப்பி எடுத்துட்டுப் போங்க, ஒண்ண ஆபீஸ்ல குடுத்து இன்னொன்னுல தேதியோட சீல் வாங்குங்க. சீல் போட மாட்டேன்னா சண்டை போடாதீங்க, நேரா போஸ்ட் ஆபீஸ் போயி ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க. உங்க வீட்டுக்காரர் ஷிப்ட்ல இருக்கறதால நீங்க தனியா போவீங்க, அது தெரியும், அதனால அண்ணனையோ மாமாவையோ ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. சத்தம் போடறதுக்கு இல்ல, கூட ஒரு ஆள் இருந்தா அவங்க பேசற விதமே மாறும்.

தேதிங்க ஞாபகம் இல்லயேன்னு சொல்வீங்க. எல்லாரும் அதான் சொல்வாங்க. இன்னைக்கு ராத்திரி ஒரு நாப்பது பக்க நோட்டு எடுத்து ஞாபகம் இருக்கற வரைக்கும் எழுதுங்க, தேதி சரியா தெரியலன்னா "மாட்டுப்பொங்கல் முடிஞ்ச வாரம்"னு எழுதினாலும் பரவால்ல, இனிமே நடக்கறத அன்னைக்கே எழுதுங்க. என்ன சொன்னாங்கன்னு அதே வார்த்தைல எழுதுங்க, "கெட்ட வார்த்தை சொன்னாங்க"ன்னு எழுதாதீங்க. பக்கத்துல யாரு இருந்தாங்கன்னு எழுதுங்க. கிழிஞ்ச சட்டை, ஒடுக்கு விழுந்த டிபன் பாக்ஸ், காயம் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வையுங்க. அதோட மிஸ்கிட்ட நேர்ல பேசிட்டு வந்ததும் அன்னைக்கே வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க, "இன்னைக்கு உங்ககிட்ட பேசினேங்க மிஸ், பசங்கள கூப்பிட்டு விசாரிக்கறதா சொன்னீங்க, நன்றிங்க"ன்னு மரியாதையா ரெண்டு வரி. அவங்க பதில் போடலன்னாலும் அது சாட்சி.

பையன்கிட்ட எப்படி கேக்கறதுன்னா "இன்னைக்கு யாராச்சும் அடிச்சாங்களா"ன்னு தினம் வாசல்லயே நின்னு கேட்டீங்கன்னா இல்லன்னு தான் சொல்வான். அம்மா அழுவாங்க, அப்பா ஸ்கூலுக்கு வந்து கத்துவாரு, நாளைக்கு இன்னும் ஜாஸ்தியா அடி விழும்னு அவனுக்கு கணக்கு இருக்கு. "வேன்ல இன்னைக்கு எந்த சீட்டுடா, பக்கத்துல யாரு"ன்னு சும்மா கேளுங்க, பதில்லயே எல்லாம் வந்துடும். லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி அவனுக்குப் படிச்சுக் காமிங்க. அவனுக்குத் தெரியாம குடுத்துட்டு மறுநாள் அசெம்பிளில அவனை எழுப்பி நிக்க வெச்சு விசாரிச்சாங்கன்னா (நடக்கும், நானே பாத்திருக்கேன்) உங்க மேல இருக்கற நம்பிக்கையும் போயிடும். "திருப்பி அடிடா, ஆம்பள தானே"ன்னு சித்தப்பா சொல்வாரு, மூணு பேரு எதிர்ல நிக்கறப்ப அந்த யோசனை எவ்ளோ தூரம் போகும்னு சித்தப்பாகிட்டயே கேளுங்க.

வயித்து வலிய நடிப்புன்னு நெனைக்காதீங்க. ஒரு தடவ டாக்டர்கிட்ட காமிச்சுட்டு, உடம்புல ஒண்ணும் இல்லன்னு சொன்னா மனசுக்காகவும் பாக்கணும். 14416ன்னு டெலி மானஸ், மனநல ஆலோசனை நம்பர் இருக்கு, எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. 14417 தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறையோட ஹெல்ப்லைன். 1098 குழந்தைகளுக்கானது, பையனே போன் பண்ணலாம். ஒரு நம்பர் தான் வித்தியாசம், 14416, 14417, மாத்திக்காதீங்க. 1098ல குடுக்கற கம்ப்ளைன்ட் மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், அவங்க ஸ்கூலுக்கே நேர்ல வர முடியும். ஒரு தடவ அந்த ஜீப் கேட்டுக்குள்ள வந்துட்டா அதுக்கு அப்பறம் "பசங்கன்னா அப்படித்தான்"ங்கற பேச்சே வராது.

7 நாள் ஆச்சு, பதில் இல்ல, இல்லன்னா "பேசி அனுப்பிட்டோம்"னு சப்பையா ஒரு பதில். அடுத்தது மேல போகணும். உங்க ஸ்கூல் மெட்ரிக்ங்கறதால தனியார் பள்ளிகளுக்குன்னே இருக்கற மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேல முதன்மைக் கல்வி அலுவலர், நாம சி.இ.ஓ.ன்னு சொல்றோமே அவரு. பாலக்கோடுன்னா தர்மபுரி சி.இ.ஓ., ஓசூர், பர்கூர், ஊத்தங்கரை பக்கத்து ஆளுங்க இதப் படிச்சா அவங்களுக்கு கிருஷ்ணகிரி. 2004ல மாவட்டம் பிரிஞ்சு இத்தனை வருஷம் ஆகியும் சில பெரியவங்க தர்மபுரிக்கே பஸ் ஏறி வந்து ஒரு நாள் கூலிய விட்டுட்டு திரும்பிப் போறத பாத்திருக்கேன். மனுவோட பழைய லெட்டர் காப்பி, சீல், நோட்டுல எழுதினது ஜெராக்ஸ் எல்லாம் இணைக்கணும். இங்க தான் அந்த சீலோட அருமை தெரியும், "ஸ்கூல்ல சொன்னீங்களா"ங்கறது தான் அங்க கேக்கற மொதக் கேள்வி.

திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள் மனு குடுக்கறது நம்ம ஆளுங்களுக்கு பழக்கம் தான். குடுங்க, ஆனா அது சி.இ.ஓ.வுக்குத்தான் திரும்பி வரும்னு தெரிஞ்சுக்கிட்டு குடுங்க. அதுல ஒரு லாபம், மனு நம்பர் கிடைக்கும், பதில் போட்டே ஆகணும். 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரிங்கற குறைதீர் பிரிவுல பதிவு பண்ணினாலும் அதே மாதிரி. ஒரே விஷயத்த ஒன்பது இடத்துக்கு ஒரே நாள்ல அனுப்பாதீங்க, எல்லாம் ஒரே டேபிளுக்கு வந்து சேரும், அந்த கிளார்க்கு ஒன்பதையும் ஒரே பின்னுல குத்தி ஒரே பதில அடிச்சு முடிச்சுடுவாரு. சி.இ.ஓ. மனு குடுத்து ஒரு மாசம் ஆகியும் அசையலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, விசாரணை அறிக்கை நகல் வேண்டும்"னு கேளுங்க, 30 நாள் கெடு. தனியார் ஸ்கூல் நேரா தகவல் தரலன்னாலும் சி.இ.ஓ. ஆபீஸ் தந்தாகணும். அதுக்கும் மேல சென்னைல தமிழ்நாடு குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கு, தபால்லயே அனுப்பலாம்.

அரசுப் பள்ளின்னா வழி கொஞ்சம் வேற. பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, சட்டப்படி அதுல முக்கால்வாசி பெற்றோர், பாதி பேர் பெண்கள், தலைவரும் ஒரு பெற்றோர் தான். கூட்டத்துல பேசி தீர்மான நோட்டுல ஏத்தச் சொல்லுங்க. மாணவர் மனசுன்னு ஒரு புகார்ப் பெட்டி வெச்சிருப்பாங்க, அதோட சாவி யாருகிட்டன்னு விசாரிங்க, சில ஸ்கூல்ல அது தொலைஞ்சு பல நாளா இருக்கும். சித்தேரி மலை மாதிரி இடத்துல இருக்கற பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, இல்ல ஆதிதிராவிடர் நல ஹாஸ்டல்னா சி.இ.ஓ.கிட்ட போயி அலையாதீங்க, அந்த நலத்துறையோட மாவட்ட அலுவலர்கிட்ட போகணும். சி.பி.எஸ்.இ. ஸ்கூல்னா 2015லயே வாரியம் சுற்றறிக்கை விட்டிருக்கு, துன்புறுத்தல் தடுப்புக் குழு இருக்கணும்னு. "உங்க குழுவுல யாரு யாரு உறுப்பினர், பேர் குடுங்க"ன்னு எழுதிக் கேளுங்க, நான் பாத்த வரைக்கும் அந்தக் கேள்விக்கு அப்பறம் தான் நிறைய இடத்துல குழுவே பொறக்கும்.

இப்ப போலீஸ். போலாமான்னா, எதுக்குன்னு பொறுத்து. ரத்தக் காயம், எலும்பு முறிவு, கொல்லுவேன்னு மிரட்டல், துணிய உருவி வீடியோ எடுக்கறது, பாலியல் தொல்லை, இதெல்லாம்னா 7 நாள் கணக்கு எல்லாம் கிடையாது, அன்னைக்கே போங்க. காயம்னா மொதல்ல அரசு ஆஸ்பத்திரி, "விழுந்துட்டான்"னு சொல்லாம "அடிச்சாங்க"ன்னு சொன்னா டியூட்டி டாக்டர் ஏ.ஆர்., அதாவது விபத்துப் பதிவேடு போடுவாரு, அங்க இருந்தே ஸ்டேஷனுக்கு தகவல் போயிடும், அது தெரிஞ்சே சொல்லுங்க. பாலியல் விஷயம்னா போக்சோ, 2012 சட்டம், அதுல தெரிஞ்சும் மறைச்சா குத்தம், நிறுவனத்தோட பொறுப்புல இருக்கறவர் மறைச்சா 1 வருஷம் வரைக்கும் ஜெயில். 2024 ஆகஸ்ட்ல நம்ம கிருஷ்ணகிரி மாவட்டத்துல போலி என்.சி.சி. கேம்ப் விவகாரத்துல, தொல்லை குடுத்தவனோட சேத்து பள்ளி நிர்வாகத்து ஆளுங்களும் கைதானது ஞாபகம் இருக்கும். போன்ல ஆபாச படம், குரூப்ல அசிங்கமா மார்ஃபிங், இதெல்லாம்னா 1930, ஆனா அழிக்கறதுக்கு முன்னாடி ஸ்க்ரீன்ஷாட்.

உங்க பையன் மாதிரி கேஸ்ல ஸ்டேஷன்ல எஃப்.ஐ.ஆர். போடலன்னு கோவப்படாதீங்க. எதிர்ல இருக்கறதும் 12, 13 வயசுப் பசங்க. சிறார் நீதி விதிகள்படி ரொம்பக் கொடூரமான குத்தமா இருந்தா, இல்ல பெரியவங்களோட சேந்து பண்ணியிருந்தா தான் 18 வயசுக்கு கீழ உள்ளவங்க மேல எஃப்.ஐ.ஆர்., மத்ததெல்லாம் பொது நாட்குறிப்புல எழுதி இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்பணும். அதனால புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினா போதும். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் குழந்தைகள் நல காவல் அலுவலர்னு ஒருத்தர் இருக்கணும், அவரக் கேளுங்க.

ஜாதி பேர சொல்லித் திட்டறாங்கன்னா அது வேற தளம். பட்டியலினம், பழங்குடி புள்ளைன்னா 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டம் இருக்கு, டி.எஸ்.பி. தான் விசாரிக்கணும். 2023ல நாங்குநேரில பட்டியலின மாணவனை கூடப் படிச்ச பசங்களே வெட்டினதுக்கு அப்பறம் நீதிபதி சந்துரு கமிட்டி போட்டு 2024ல அறிக்கை குடுத்தாங்க, ஜாதிய காட்ட கைல கலர் கயிறு கட்டறத தடுக்கறதுல இருந்து எவ்வளவோ சொல்லியிருக்கு. எங்க காலத்துல அந்தக் கயிற நாங்க பாத்தும் பாக்காத மாதிரி இருந்தோம், அது எங்க தப்பு தான். ஓசூர், தளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசற புள்ளைங்கள பேச்ச வெச்சு ஓட்டறதும் ஒரு பக்கம் நடக்குது, அதையும் வாத்தியாருங்களே சிரிச்சுக்கிட்டு பாப்பாங்க. வாத்தியாரே பட்டப்பேர் வெச்சாலோ அடிச்சாலோ கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவு, அது துறை நடவடிக்கை வரைக்கும் போகும்.

இன்னொரு சட்டம், தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் 1997. ராகிங்ல நாவரசுங்கற மெடிக்கல் காலேஜ் மாணவர் கொலையானதுக்கு அப்பறம் வந்ததால காலேஜுக்கு மட்டும்னு எல்லாரும் நெனைச்சுக்கிட்டு இருக்காங்க, ஆனா சட்டத்துல "கல்வி நிறுவனம்"னு பொதுவா தான் இருக்கு. கிண்டல், திட்டு, அடி எல்லாம் அதுல அடங்கும். அதுல முக்கியமானது 7வது பிரிவு, புகார் வந்தும் நிறுவனத் தலைவர் விசாரிக்காம விட்டா அவரே அந்தக் குத்தத்துக்கு உடந்தைன்னு கருதப்படுவாரு. மொத லெட்டர்ல இத எழுதாதீங்க, மிரட்டற மாதிரி ஆயிடும். ரெண்டாவது லெட்டர்ல கடைசி வரியா போடுங்க. வக்கீல் வேணும்னா 15100க்கு அடிச்சா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலமா இலவசமா கிடைக்கும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் கூட பாக்க மாட்டாங்க.

செய்யவே கூடாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு, ஸ்கூல் கேட்டுல நின்னு அந்தப் பையன புடிச்சு ஒரு அறை. உங்க வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிஞ்சு தூக்கமில்லாத கண்ணோட வந்து நிக்கறப்ப அது நடந்துடும், அந்த நிமிஷத்துல இருந்து குத்தவாளி நீங்க, ஸ்கூலுக்கு அப்பாடான்னு ஆயிடும். ஊர்ல ரெண்டு தெருவும் சேந்துக்கிட்டா அப்பறம் பையன் விஷயத்த யாரும் பேச மாட்டாங்க. இன்னொன்னு, வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்லயும் லோக்கல் யூடியூப் சேனல்லயும் போடறது. சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவு, பாதிக்கப்பட்ட புள்ளையோடதும் சரி, தப்பு பண்ணின புள்ளையோடதும் சரி, அடையாளம் வெளிய வரக் கூடாது. 6 மாசம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். சேனல்காரன் வியூஸ வாங்கிட்டுப் போயிடுவான், உங்க பையன் தான் அந்த வீடியோவோட பெரியவனாகணும்.

டி.சி. வாங்கறது பத்தி. அது தோத்துப்போன மாதிரின்னு ஒரு பேச்சு இருக்கு, நான் ஒத்துக்க மாட்டேன். லெட்டர் குடுத்து, சி.இ.ஓ. வரைக்கும் போயி, ஒரு டெர்ம் பாத்தும் பையன் காலைல வாந்தி எடுக்கறான்னா மாத்திடுங்க, வழக்க ஜெயிக்கறதுக்காக புள்ளைய அங்கயே வெச்சிருக்க வேண்டியதில்ல. ஆனா அவசரப்பட்டு ஜனவரில மாத்தாதீங்க, எந்த ஸ்கூல் எடுக்கும்னு உறுதி ஆனதுக்கு அப்பறம் கேளுங்க. கல்வி உரிமைச் சட்டத்துல வர்ற 25 சதவீத (ஆர்.டி.இ.) இலவச சீட்ல படிக்கிற புள்ளையா இருந்தா இன்னும் யோசிக்கணும், அந்த சீட்டு ஆரம்ப வகுப்புல மட்டும் தான், வேற தனியார் ஸ்கூலுக்கு மாறினா கூட வராது. ஃபீஸ் பாக்கின்னு டி.சி.ய புடிச்சு வெச்சா, 2024லயே சென்னை ஹைகோர்ட் டி.சி. ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்லன்னு சொல்லியாச்சு. டி.சி. கைல வாங்கினதும் இ.எம்.ஐ.எஸ்.ல பையன் பேர காமன் பூலுக்கு, அதாவது வேற ஸ்கூல் எடுத்துக்கற பொதுப் பட்டியலுக்கு விட்டாங்களான்னு கட்டாயம் கேளுங்க, இத விடாம வெச்சுக்கிட்டு புது ஸ்கூல்ல சேர முடியாம அலைய விடறது ஒரு பழைய தந்திரம்.

அந்த மூணு பசங்களோட வீட்டுக்குப் போலாமான்னா ஸ்கூல்ல வெச்சு, ஹெச்.எம். முன்னாடி மட்டும். என் அனுபவத்துல இந்த மாதிரி பசங்கள்ல ஒருத்தனாச்சும் அப்பாம்மா பெங்களூர்ல கட்டட வேலைல இருக்க பாட்டிகிட்ட வளர்றவனா இருப்பான், அவனை யாரும் கேக்கறதுக்கு இல்ல. அதுக்காக உங்க பையன் அடி வாங்கணும்னு இல்ல. ஆனா அந்த பாட்டிய கூப்பிட்டு கத்தினா அவங்க அழுதுட்டுப் போவாங்க, அவ்ளோதான் நடக்கும்.

பல்லு விஷயத்த விட்டுட்டேன் பாருங்க. அது அழுக்கு இல்ல, பல்லு வெளக்காததும் இல்ல. சின்ன வயசுல பல்லு உள்ள உருவாகறப்ப போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தியா குடிச்சா வர்ற கறை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போகக் கூடாதுன்னு கணக்கு, நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் அதத் தாண்டின போர் நிறைய, அதுக்காகத் தான் ஜப்பான் கடன்ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013ல வந்துச்சு. பிரஷ் போட்டு தேச்சு போகாது, பையன உப்பு செங்கல் பொடி எல்லாம் வெச்சு தேய்க்க விடாதீங்க, எனாமல் தான் போகும். தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில பல் டாக்டர்கிட்ட காமிங்க, கறைய கொறைக்க வழி இருக்கு. உங்க லெட்டர்லயே கடைசில, சயின்ஸ் மிஸ் ஒரு பீரியட் இதப் பத்தி அந்த கிளாஸ்ல நடத்தணும்னு கேட்டுப் பாருங்க, செலவில்லாத கோரிக்கை, ஸ்கூல் மறுக்காது. அந்த மூணு பேரும் எந்தெந்த ஊருன்னு விசாரிங்க. பாலக்கோடு சுத்து வட்டாரம்னா அவங்க வீட்டு தாத்தா சிரிச்சாலும் அதே கறை தான் தெரியும்.